பின்னட்டைக்கு ஆறு வரி

ஊரில் பாதிப் பேருக்கு அவள் பிரேக் டீச்சர். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் இருபத்திரண்டு வருடமாக வேலை. கற்றுக்கொள்ள வந்தவர் ஸ்டியரிங்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு வேர்த்து விறுவிறுக்க, பக்கத்து இருக்கையில் இவள் சாவகாசமாக உட்கார்ந்திருப்பாள். காலடியில் அவளுக்கென்று தனியாக இன்னொரு பிரேக் உண்டு. எதிரே லாரி வந்தாலும் சரி, குறுக்கே நாய் பாய்ந்தாலும் சரி, குரல் ஏறாது, கால் மட்டும் இறங்கும். "ஒண்ணும் ஆகல. மூச்ச விடுங்க. ஃபர்ஸ்ட் கியர் போடுங்க" என்பாள்.

ஒரு ஆள் இறங்கி அடுத்த ஆள் ஏறுவதற்குள் பத்து நிமிஷமோ கால் மணியோ இடைவெளி கிடைக்கும். அந்த நேரத்தில் சீட்டைப் பின்னால் தள்ளிவிட்டு, வருகைப் பதிவு நோட்டின் கடைசிப் பக்கங்களில் கதை எழுதுவாள். ரிவர்ஸ் எடுக்கும்போது மட்டும் அழுதுவிடுகிற ஒரு வக்கீல், நடுக் கண்ணாடியை யார் பார்ப்பது என்று தினமும் சண்டை போடும் ஒரு தம்பதி, லைசென்ஸ் கையில் வந்த பிறகும் ஆறு மாதம் வகுப்புக்கு வந்துகொண்டே இருந்த ஒரு தனிமைக்காரர். இப்படிப் பதினாலு கதை சேர்ந்தது. தபாலில் ஒரு பதிப்பகத்துக்கு அனுப்பிவிட்டு மறந்தும் போனாள். எட்டு மாதம் கழித்து போன் வந்தது.

"கதையெல்லாம் பிரமாதம்மா. போடுறோம்" என்றார் பதிப்பாளர். "பின்னட்டைக்கு உங்களப் பத்தி ஒரு சின்னக் குறிப்பு மட்டும் எழுதி அனுப்புங்க. ஆறு வரி போதும்."

ஆறு வரிதானே என்று உட்கார்ந்தவளுக்கு மூன்று நாள் ஓடிப்போயிற்று. பதினாலு கதையைத் தண்ணி பட்ட பாடாக எழுதிய கை, தன்னைப் பற்றி என்றதும் ஓரெழுத்து நகர மறுத்தது. முதலில் எழுதியதைப் படித்துப் பார்த்தாள். பிறந்த வருடம், படிப்பு, முன் அனுபவம் எல்லாம் வரிசையாக இருந்தன. கடைசியில் 'இப்படிக்கு' என்று வேறு போட்டிருந்தாள். அவளுக்கே சிரிப்பு வந்தது. வேலைக்கு மனுப்போட்ட மாதிரி இருந்தது.

கிழித்துப் போட்டுவிட்டு யோசித்தாள். தன்னைப் பற்றிச் சொல்லத் தகுந்தது என்ன இருக்கிறது? அப்போதுதான் அந்த நாலு தடவை ஞாபகம் வந்தது.

இருபத்தொன்பது வயதில் அவளுக்கு ஓட்ட வேண்டும் என்று ஆசை வந்தது. பஸ்ஸில் ஏறினால் டிரைவருக்குப் பின் சீட்டாகப் பார்த்து உட்கார்ந்து, கியர் மாற்றும் கையையே பார்த்துக்கொண்டு வருவாள். இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போனதும் உண்டு. அவள் கணவர் கண்ணாடிக்கடையில் லென்ஸ் தீட்டுபவர். காரில் ஏறினாலே அவருக்கு வாந்தி வரும். அவரிடம் சொன்னபோது, "கத்துக்கயேன். என்னை மட்டும் உக்காரச் சொல்லாத" என்றார். பேச்சு அவ்வளவோடு முடிந்தது.

தேர்வில் முதல் தடவை கம்பை இடித்தாள். இரண்டாவது தடவை மேட்டில் வண்டி பின்னால் உருண்டது. மூன்றாவது தடவை பதற்றத்தில் வைப்பரைப் போட்டுவிட்டாள். வெயிலில் அது கிறீச் கிறீச்சென்று ஆட, தேர்வு அதிகாரி இறங்கிப் போயே போய்விட்டார். நாலாவது தடவை அதே அதிகாரி, "மறுபடியும் நீங்களா?" என்றார். அந்தக் கேள்வியிலேயே கிளட்சைப் பட்டென்று விட்டுவிட்டாள், வண்டி அணைந்துபோயிற்று. ஐந்தாவது தடவை அவர் அதையே கேட்டபோது, "ஆமா, நானேதான். பெல்ட்டப் போடுங்க" என்றாள். அன்றைக்குத் தேறிவிட்டாள்.

அவள் வாழ்க்கையில் அவளுக்கே மிகவும் பிடித்த இடம் அதுதான். எனவே குறிப்பில் அதை எழுதினாள்.

மகள் ஒரு வங்கியில் வேலை பார்ப்பவள். ஞாயிற்றுக்கிழமை வந்தவள் தாளை வாங்கிப் படித்தாள். முகம் சுண்டிப்போயிற்று.

"அம்மா, நாலு தடவ ஃபெயிலானேன்னு யாராவது தானா போய் தண்டோரா போடுவாங்களா? எங்க மாமியார் வீட்ல எல்லாரும் படிப்பாங்க."

"படிக்கட்டும். அதுக்குத்தான புத்தகம் போடுறாங்க."

"பன்முகத் திறமையாளர்னு ஒண்ணு போடலாம்ல? இலக்கிய ஆர்வலர்னு..."

"எனக்கு ஒரு முகம்தான்டி. அதுவும் காலைல கழுவுனது."

மகள் பேச்சை நிறுத்திக்கொண்டு கிளம்பிப் போனாள். செருப்பு மாட்டும்போதுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அது மனசை உறுத்தியது. ஆனாலும் அவள் தாளில் கை வைக்கவில்லை.

அடுத்து விஷயம் பள்ளி முதலாளியின் காதுக்குப் போயிற்று. அப்பா காலத்துக்குப் பிறகு பள்ளியைப் பார்த்துக்கொள்ளும் நாற்பது வயதுக்காரர். குறிப்பில் போடச் சொல்லி அவர் கேட்டதும் ஆறு வரிதான். பிரபலமான பயிற்சிப் பள்ளி, மூத்த பயிற்றுநர், பள்ளியின் போன் நம்பர், வகுப்பு நேரம். இவள் எழுதியதைப் படித்ததும் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

"என்ன டீச்சர் இது? சொல்லிக் குடுக்கிறவங்களே நாலு தடவ ஃபெயில்னா எவன் நம்ம கிட்ட வருவான்? என் பொழப்புல மண்ணப் போடுறீங்களே."

"உங்க பள்ளி பேரே அதுல இல்லையே சார்."

"ஊருக்கே தெரியும், நீங்க இங்கதான் இருக்கீங்கன்னு. அந்த வரி வரக்கூடாது. வந்துச்சுன்னா கார் சாவிய வச்சிட்டுப் போயிட்டே இருங்க."

அவள் கைப்பையைத் திறந்தாள். சாவியை எடுத்தாள். மேஜைக் கண்ணாடியின் மேல் சத்தம் வரும்படியே வைத்தாள்.

முதலாளி சாவியைப் பார்த்தார், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "அப்ப பதினோரு மணி கிளாஸ்?"

"நீங்க எடுங்க. மருந்துக்கடைக்காரம்மா வருவாங்க. ஆக்சிலேட்டர மிதிக்கச் சொன்னா கண்ண மூடிக்குவாங்க. கொஞ்சம் பாத்துக்குங்க."

முதலாளி ஒரு தம்ளர் தண்ணீரை முழுசாகக் குடித்து முடித்தார். பிறகு சாவியை விரலால் அவள் பக்கம் தள்ளிவிட்டு, போனைக் காதில் வைத்துக்கொண்டு யாரிடமோ பேசுவது போலப் பேச ஆரம்பித்தார். போன் அடிக்கவே இல்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

தாள் பதிப்பகத்துக்குப் போயிற்று. இரண்டு வாரத்தில் அட்டையின் மாதிரி வந்தது. முன்பக்கம் அழகாக இருந்தது. பின்பக்கத்தைத் திருப்பியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

'வறுமையின் கொடுமைகளை இளமையிலேயே சுவைத்தவர். கணவரின் ஊக்கத்தால் ஸ்டியரிங்கைக் கரத்தில் ஏந்தி, குடும்பத்தைக் கரை சேர்த்த வீரத் தாய். எளிய பெண்களின் கண்ணீரையே மையாக்கி எழுதுபவர்.'

கணவரிடம் நீட்டினாள். அவர் தான் தீட்டிய கண்ணாடியையே மாட்டிக்கொண்டு இரண்டு முறை படித்தார்.

"நான் எப்ப ஊக்கம் குடுத்தேன்?"

"அதத்தான் நானும் கேக்குறேன்."

"தூக்கம் வேணா போட்டிருக்கேன். நீ காலைல கார் கத்துக்கப் போறப்பெல்லாம் நான் தூங்கிட்டுல்ல இருந்தேன்." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "யாரு அந்த வீரத் தாய்? உங்கம்மாவா?"

சிரித்துவிட்டாள். ஆனால் பஸ்ஸில் பள்ளிக்குப் போகிற வழியெல்லாம் உள்ளே கொதித்துக்கொண்டே வந்தது. அவளுடைய அப்பா தபால்காரர். வீட்டில் மூன்று வேளையும் உலை கொதித்தது. வருடத்துக்கு இரண்டு புது உடை வந்தது. அப்பா நடந்து நடந்து தேய்ந்த கால்களோடு சம்பாதித்துப் போட்ட சோற்றை, யாரோ ஒருவர் ஒரே வரியில் இல்லை என்று ஆக்கிவிட்டாரே.

பதினோரு மணிக்கு மருந்துக்கடைக்காரம்மா வந்து ஸ்டியரிங் முன் உட்கார்ந்தாள். ஐம்பது வயது. இதுவரை மைதானத்தைத் தாண்டி வண்டியை எடுத்ததில்லை.

"இன்னிக்கு ரோட்டுக்குப் போலாம்" என்றாள் டீச்சர்.

"ஐயையோ, எங்க?"

"எனக்கு ஒரு எடத்துல ஒரு வேலை இருக்கு. நீங்க ஓட்டுங்க, நான் இருக்கேன்."

மூன்று சிக்னல், ஒரு மேம்பாலம், காய்கறி வண்டிகள் அடைத்த ஒரு சந்தை வீதி. இரண்டு இடத்தில் வண்டி நின்றுபோயிற்று. பின்னாலிருந்து ஹார்ன் காதைக் கிழித்தது. "அவங்க அடிக்கட்டும், அவங்க ஹார்ன், அவங்க கை. நீங்க கிளட்ச விடுங்க, மெதுவா" என்று சொல்லிச் சொல்லியே பதிப்பகம் இருந்த சந்துக்குக் கொண்டுவந்து சேர்த்துவிட்டாள். வாசலில் நிறுத்தும்போது வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி, கேட்டை அடைத்தாற்போல் குறுக்கே நின்று அணைந்தது.

"அப்படியே இருங்க. அஞ்சு நிமிஷத்துல வந்துர்றேன்" என்று இறங்கினாள்.

பதிப்பாளர் அறுபதை நெருங்கியவர். புத்தகக் கட்டுகளுக்கு நடுவில் தலை மட்டும் தெரிந்தது. மாதிரி அட்டையை அவர் முன் வைத்தாள்.

"இது யாரு சார்?"

"நீங்கதாம்மா. கொஞ்சம் மெருகேத்தியிருக்கேன்."

"எங்க வீட்ல வறுமை கிடையாது. எங்கப்பா எங்களப் பட்டினி போடல. என் வீட்டுக்காரர் என்னைத் தடுக்கல, ஆனா தடுக்காம இருந்ததுக்குப் பேரு ஊக்கம் இல்ல. குடும்பத்த நாங்க ரெண்டு பேரும்தான் ஓட்டுனோம், அதுல கரை எங்க இருந்து வந்துச்சு?"

அவர் பொறுமையாகச் சிரித்தார். "வாசகனுக்கு ஒரு பிடி வேணும்மா. ஒரு பொம்பள கார் ஓட்ட வந்தா அதுக்குப் பின்னால ஒரு காரணம் இருக்கணும்ல? ஒரு துயரம், ஒரு இழப்பு..."

"பிடிச்சுது, ஓட்டுனேன்."

"அது ஒரு காரணமா?"

"உங்க அலமாரில இத்தன ஆம்பள எழுத்தாளருங்க இருக்காங்களே, நீ ஏன்டா கார் ஓட்டுனன்னு யாரையாவது கேட்டிருக்கீங்களா?"

பதிப்பாளரின் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. "அட்டை அச்சுக்குப் போற நேரம். இனிமே மாத்த முடியாது."

"அப்ப கதையக் குடுத்துருங்க. எடுத்துட்டுப் போறேன்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கே உறைத்தது. பதினாலு கதை. எத்தனையோ கால் மணிகள். கையை மட்டும் நீட்டியபடியே நின்றாள்.

அந்த நேரம் பார்த்து வெளியே ஒரு வேன் விடாமல் ஹார்ன் அடிக்க ஆரம்பித்தது. மருந்துக்கடைக்காரம்மா முகமெல்லாம் வேர்வையாக ஓடிவந்தாள். "டீச்சர், பேப்பர் வண்டி உள்ள வரணுமாம். ரிவர்ஸ் எடுக்கச் சொல்றாங்க. எனக்கு இன்னும் ரிவர்ஸே சொல்லித் தரலையே நீங்க!"

"வரேம்மா. சாருக்கும் எனக்கும் ஒரு பேச்சு முடியல."

பதிப்பாளர் சன்னல் வழியே எட்டிப் பார்த்தார். காகிதம் ஏற்றிய வேன் சந்தில் நின்றது. அதற்குப் பின்னால் ஒரு ஆட்டோ, அதற்கும் பின்னால் இரண்டு ஸ்கூட்டர். வேன் டிரைவர் இறங்கி வாய்க்கு வந்தபடி பேசிக்கொண்டிருந்தார். பதிப்பாளர் இவளைப் பார்த்தார். இவள் வண்டியை வைத்து மிரட்ட வந்தவள் இல்லை. ஆனால் அவர் அப்படி நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும் என்று சும்மா இருந்தாள்.

அவர் பெருமூச்சு விட்டு, பேனாவை எடுத்து அட்டையின் மேல் வைத்தார். "எழுதுங்க. ஆறு வரி. ஏழாவது வரி வந்தா நான் பொறுப்பில்ல."

நின்றபடியே எழுதினாள். மூன்று நாள் வராதது மூன்று நிமிஷத்தில் வந்தது.

'இவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். ஓட்டுநர் தேர்வில் நான்கு முறை தோற்று, ஐந்தாம் முறை தேறினார். ஓட்டவேண்டிய கட்டாயம் எதுவும் இவருக்கு இருக்கவில்லை. பிடித்திருந்தது, ஓட்டினார். எழுதியதும் அப்படியே. இந்தக் கதைகள் எல்லாம் நின்றுகொண்டிருந்த காரில் எழுதப்பட்டவை.'

பதிப்பாளர் படித்தார். ஒரு காற்புள்ளியைக்கூடத் தொடாமல் அச்சுக்குப் போக வேண்டிய தாள்களின் தட்டில் போட்டார்.

வெளியே வந்தவள் ஸ்டியரிங் பக்கம் போகவில்லை. வழக்கமான தன் இடத்தில் ஏறி உட்கார்ந்து, "கழுத்த நல்லாத் திருப்பிப் பின்னால பாருங்க. கண்ண மட்டும் மூடாதீங்க" என்றாள். வேன் டிரைவர் கத்தினார். ஆட்டோக்காரர் யோசனை சொன்னார். மருந்துக்கடைக்காரம்மா கடவுளைக் கூப்பிட்டபடி, ஓரம் ஓரமாக, இரண்டு தடவை நின்று, கேட்டை விட்டு விலகும் வரை வண்டியைப் பின்னால் கொண்டுபோய்விட்டாள். அன்றைக்கு டீச்சரின் கால் ஒரே ஒரு தடவைதான் கீழே இறங்கியது.

புத்தகம் வந்தது. முதலாளி ஒரு பிரதி வாங்கி மேஜை டிராயருக்குள் வைத்துக்கொண்டார். படித்தாரா என்று இன்றுவரை தெரியாது. மகள் ஒரு மாதம் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. பிறகு ஒருநாள், ஆபீஸில் ஐந்து பேர் புத்தகம் கேட்கிறார்கள் என்று போனில் சொன்னாள். குரலில் இன்னும் பாதிக் கோபம் இருந்தது. அம்மாவும் சமாதானப்படுத்தப் போகவில்லை. கணவர்தான் பின்னட்டையைப் படித்துவிட்டுக் குறைப்பட்டுக்கொண்டார்.

"என்னைப் பத்தி ஒரு வரிகூட இல்லையே."

"உள்ள ரெண்டு கதையில இருக்கீங்க."

"எந்தக் கதை?"

"படிச்சுக் கண்டுபிடிங்க."

அவர் இப்போது நாளுக்கு ஒரு கதையாகப் படித்துக்கொண்டிருக்கிறார். இரண்டு பேரில் யாராக இருந்தாலும் சரி, வாந்தி எடுக்கிற ஆளாக மட்டும் இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொள்கிறார்.

போன வாரம் பதிப்பாளரிடமிருந்து போன் வந்தது. ஒரு பத்திரிகையில் மதிப்புரை வந்திருக்கிறதாம். கதைகளைப் பாராட்டிவிட்டு, கடைசிப் பத்தியில், ஆசிரியர் குறிப்பில் திமிர் தெரிகிறது என்று எழுதியிருக்கிறார்களாம்.

"அடுத்த பதிப்புல லேசா மாத்திரலாமாம்மா? ஒரு சொல் பணிவா..." என்று இழுத்தார்.

அவள் அப்போது காரில் இருந்தாள். அடுத்த ஆள் வரப் பத்து நிமிஷம் இருந்தது.

"அந்தப் பத்திரிகை இப்ப கடைல கிடைக்குமா சார்?"

"கிடைக்கும். ஏன்?"

"எனக்கு ரெண்டு காப்பி வேணும். ஒண்ண எம் பொண்ணுக்கு அனுப்பணும்."