டிபன் லீடர்

மூன்றாம் வகுப்பில் என்னை டிபன் லீடராக்கினார்கள். அப்போது நாங்கள் செகந்திராபாத்தில் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். மதியம் ஒவ்வொரு டப்பாவாகப் பார்த்து, யார் காய்கறியை மிச்சம் வைத்தார்கள் என்று மிஸ்ஸிடம் சொல்வது என் வேலை. வகுப்புச் சுவரில் ஒரு சார்ட் தொங்கியது. பச்சைக் கட்டத்தில் கீரை, பருப்பு, கேரட், பீட்ரூட். சிவப்புக் கட்டத்தில் சிப்ஸ், மிட்டாய், பள்ளிக்கூடத்து கேட்டுக்கு வெளியே ஐஸைச் சீவிக் குச்சியில் உருட்டி விற்கும் கோலா. கோலாவில் ஊற்றும் சாயம் கிட்னியைக் கெடுத்துவிடும் என்று மிஸ் சொல்லியிருந்தார். கிட்னி உடம்பில் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்த வரியைப் பிழையில்லாமல் எழுதி 'குட்' வாங்கியிருந்தேன்.

என் பெஞ்சுத் தோழிக்கு பீட்ரூட் ஆகாது. ஒரு வெள்ளிக்கிழமை அவள் டப்பா நிறைய அதுதான். மிச்சம் வைத்தால் நானே அவளைக் காட்டிக்கொடுக்க வேண்டும். யோசித்துப் பார்த்து, மொத்தத்தையும் நானே தின்று தீர்த்தேன். அந்த நன்றிக்கு அவள் சாயந்திரம் ஒரு சிவப்பு கோலா வாங்கிக் கொடுத்தாள். தின்றதும் குழாயடியில் நாக்கைத் தேய்த்துக் கழுவிக்கொண்டு நல்ல பிள்ளையாக வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலை ஒன்றுக்குப் போனபோது சிவப்பாக வந்தது.

கிட்னி போய்விட்டது என்று புரிந்துகொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை. நான்கு சொம்பு தண்ணீர் குடித்தேன். பிறகு தம்பியைக் கூப்பிட்டு என் காந்தம் வைத்த பென்சில் பாக்ஸைக் கொடுத்தேன். அவன் அதை நேராக அம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினான். நான் அவனுக்கு எதையும் கொடுக்கிறவள் அல்ல என்பதால், அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள்.

"என்னாடி ஆச்சு? எதுக்கு அவன்கிட்ட குடுத்த?"

"எனக்கு நக்கோ, வேணாம். அவனே வெச்சுக்கட்டும்," என்றேன். அதற்கு மேல் அடக்க முடியவில்லை. கோலா, சிவப்பு, கிட்னி எல்லாம் அழுகையோடு வெளியே வந்துவிட்டன.

திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவளோ போனை எடுத்து, ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் இருந்த அப்பாவைக் கூப்பிட்டாள். எண்ணெய்க் கறை படிந்த சட்டையைக்கூட மாற்றாமல் அப்பா வந்து சேர்ந்தார். தம்பியைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு மூன்று பேரும் டாக்டரம்மாவிடம் போனோம்.

அப்பா தெலுங்கில் விவரம் சொன்னார். குடும்பத்தில் வேறு யாருக்காவது கிட்னிக் கோளாறு உண்டா என்று டாக்டரம்மா கேட்டார். தன் அண்ணனுக்கு இருந்தது என்றார் அப்பா. வீட்டில் மாலை போட்ட படமாக மட்டுமே நான் பார்த்திருந்த பெரியப்பா.

டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். "நேற்று என்ன தின்றாய்?"

"கோலா."

"இன்கா?" வேறென்ன என்று கேட்கிறார். கெட்டது வேறெதுவும் தின்னவில்லை என்று சத்தியம் செய்தேன். நல்லதையும் சொல் என்றார். பச்சைக் கட்டத்தில் இருப்பதை ஒரு டாக்டர் கேட்பார் என்று எனக்குத் தோன்றியிருக்கவே இல்லை.

"பீட்ரூட். டப்பா மொத்தம்."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். பீட்ரூட் நிறையத் தின்றால் சிலருக்கு அப்படித்தான் போகும் என்றார். இருந்தாலும் ஒரு சோதனை செய்துவிடலாம் என்று என்னிடம் சின்ன டப்பி ஒன்றைக் கொடுத்தார். ஒரு மணி நேரத்தில் முடிவு வந்தது. ஒன்றுமில்லை.

அம்மா என் தலையில் ஒரு குட்டு வைத்து, அதே கையால் தடவியும் விட்டாள். "ஊரார் டப்பாவெல்லாம் நீ எதுக்குடி தின்ற?"

போன உயிர் திரும்பி வந்ததும் எனக்கு நன்றாகப் பசித்தது. சீக்கிரம் வீட்டுக்குப் போக வேண்டும் என்று ஸ்கூட்டரில் முன்னால் ஏறி நின்றுகொண்டேன். அப்பா சாவியைப் போடப் பார்த்தார். போகவில்லை. மறுபடியும் முயன்றார். சாவி ஓட்டையைச் சுற்றிச் சுற்றித் தட்டிக்கொண்டிருந்தது. பின்னால் உட்கார்ந்திருந்த அம்மா இறங்கி வந்து அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "கொஞ்ச நேரம் நின்னுட்டுப் போலாம்," என்றாள்.

தினமும் ரயில் எஞ்சினைக் கழற்றி மாட்டுகிறவருக்கு ஒரு ஸ்கூட்டர் சாவி போடத் தெரியவில்லையே என்று நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அப்பாவும் என்னோடு சேர்ந்து சிரித்தார்.