காய்ச்சல் இல்லாத இருமல்

சட்டைக் கம்பெனியில் அவளுக்குச் செக்கிங் வேலை. தைத்து வரும் சட்டைகளில் ஒரு தையல் விட்டிருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவாள். அவள் பக்கம் வந்தாலே தையல்காரிகள் தைத்து முடித்ததை மறுபடி புரட்டிப் பார்ப்பார்கள். அந்தக் கண்ணை அவள் வீட்டிலும் மூடிவைக்கவில்லை.

தம்பிக்குச் சிறுநீரகம் இரண்டும் கெட்டபோது, யாரும் வாய் திறக்கும் முன்பே தன்னுடையதில் ஒன்றைத் தருகிறேன் என்றவள் அவள். கொடுத்தாளே தவிர, உரிமையை விடவில்லை. "என் கிட்னிக்குத் தண்ணி குடுத்தியாடா?" என்று கம்பெனியிலிருந்து போன் அடிப்பாள். "குடிச்சிட்டு தூங்குது, எழுப்பாத" என்பான் அவன். முடிவெட்டுகிறவனுக்கு வாய்ப்பேச்சுக்குப் பஞ்சமா?

புதுச் சிறுநீரகத்தை உடம்பு தாக்காமலிருக்க ஆயுசுக்கும் மாத்திரை. அது எதிர்ப்புச் சக்தியை அடக்கிவைக்கும். சின்னக் கிருமிகூட ஆளைச் சாய்த்துவிடும். அதனால் தினமும் காலையில் அக்கா அவன் வாயில் தெர்மாமீட்டரைச் செருகிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பாள். முடிவெட்டும் கடையை மறுபடி திறக்கிறேன் என்று அவன் சொன்னபோது மல்லுக்கு நின்றாள். அவன் கேட்கவில்லை.

கொஞ்ச நாளில் வறட்டு இருமல் வந்தது. மாடி ஏறினால் மூச்சு வாங்கியது.

"ஆஸ்பத்திரிக்குப் போலாமாக்கா?" என்று அவனே கேட்டான்.

அவள் தெர்மாமீட்டரைப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை. "கடைல முடியும் பவுடரும் பறக்குது, இருமல் வராம என்ன பண்ணும்? அடுத்த வாரம் செக்கப்புக்குப் போறோம்ல" என்றாள். அக்கா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவனும் விட்டுவிட்டான்.

அடுத்த வாரம் வருவதற்குள் அவன் உதடு நீலம் பாரித்துவிட்டது. நுரையீரல் இரண்டிலும் பூஞ்சை பரவியிருக்கிறது என்றார் டாக்டரம்மா.

"காய்ச்சலே இல்லையே டாக்டர்! தினமும் பாத்தேனே!"

"இந்த மாத்திரை சாப்பிடறவங்களுக்குச் சில சமயம் காய்ச்சலே வராதும்மா. உடம்பு சண்டை போட்டாத்தானே சூடு ஏறும்?"

போகலாமா என்று கேட்டவன் அவன். வேண்டாம் என்றவள் அவள்.

பூஞ்சைக்கு மருந்து ஏற்றியும் மட்டுப்படவில்லை. அடக்கிவைக்கும் மாத்திரைகளை நிறுத்தினால் உடம்பு கிருமியோடு போராடும். ஆனால் சிறுநீரகத்தையும் சும்மா விடாது. தம்பிக்கு இது தெரியும். ஆக்சிஜன் மாஸ்க்கை விலக்கி, "நிறுத்தச் சொல்லிடாதக்கா. உங்கிட்ட இன்னொண்ணா கேக்க முடியும்?" என்றான். சாயங்காலம் தொண்டையில் குழாய் போட்டு மயக்கத்தில் வைத்தார்கள். மாத்திரைகளை நிறுத்தலாமா என்று டாக்டரம்மா இவளிடம் வந்து கேட்டார்.

"நிறுத்துங்க" என்றாள். சொல்லிவிட்டு நடைபாதைச் சுவரோரம் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

நுரையீரல் மெல்லத் தேறியது. சிறுநீரகம் செத்துப்போனது. பழையபடி டயாலிசிஸ். பக்கத்தில் மிஷின் ஓட, குழாயில் அவன் ரத்தம் போய்வந்துகொண்டிருந்தது.

"யாரக் கேட்டு நிறுத்தச் சொன்ன?" என்றான். குழாய் கிழித்த தொண்டை கரகரத்தது.

"யாரையும் கேக்கல. நீ போயிட்டா நான் அந்தக் கிட்னிய வச்சு என்னடா பண்றது?"

அவன் ரத்தம் ஓடும் குழாயைப் பார்த்தான். பிறகு, "ஆஸ்பத்திரிக்குப் போலாமான்னு நான் அன்னைக்கே கேட்டேனேக்கா" என்றான். குரலில் கோபம்கூட இல்லை. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அவள் போர்வைக்கு மேலாக அவன் காலைத் தொட்டாள். அவன் இழுத்துக்கொண்டான். இழுத்துக்கொள்ளத் தெம்பு வந்துவிட்டதே என்று அவளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. அழுகை அதற்குப் பிறகுதான் வந்தது.