வெர்னா கட்டிய சிவப்புச் சீட்டு

அமெரிக்காவின் ஈரி நகரத்துத் தொழிற்சாலை ஒன்றில் வெர்னா ஹூடக்கின் மேசையைக் கண்டால் எல்லோரும் சுற்றிக்கொண்டுதான் போவார்கள். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் அறைக்கான கட்டில்களை அங்கே செய்கிறார்கள். அந்த ஸ்கேன் கருவியே ஒரு பெரிய காந்தம், அதனால் கட்டிலில் காந்தம் பிடிக்கும் எதுவும் இருக்கக் கூடாது. ஒவ்வோர் உலோகத் துண்டும் காந்தத்தால் எவ்வளவு ஈர்க்கப்படுகிறது என்று கருவி வைத்து அளப்பது அவள் வேலை. செம்பும் அலுமினியமும் வம்பு செய்யாது. இரும்பு வாசலோடு சரி. சந்தேகமெல்லாம் எவர்சில்வரில்தான். தேறாததில் சிவப்புச் சீட்டு கட்டுவாள். சீட்டு வாங்கியவர்கள் அவளோடு உட்கார்ந்து சாப்பிடுவார்களா? குழாய் வளைக்கும் எமில் வாஸ்கோ மட்டும் வருவான்.

வெர்னாவின் கணவன் இறந்து ஆறு வருடம். மகள் வெகு தொலைவில், அரிசோனாவில். எமில் கொண்டுவரும் முட்டைக்கோஸ் சுருளில் பாதியை அவள் தட்டில் தள்ளுவான். "தின்னு. இதுக்கும் கருவி வச்சுப் பாப்பியா?" என்பான். அந்த அரைமணி நேரத்துக்காகவே அவள் வேலைக்கு வந்தாள் என்றுகூடச் சொல்லலாம்.

பிப்ரவரியில் எமில் வளைத்த நாற்பது எவர்சில்வர் கைப்பிடிகள் வந்தன. நேர்ப்பகுதியில் கருவியின் முள் அசையவில்லை, வளைவில் துள்ளியது. மூன்று முறை பார்த்தாள். சீட்டு கட்டினாள்.

மேற்பார்வையாளர் எல்லோர் முன்னாலும் எமிலைப் பிடித்துக்கொண்டார். "மட்டமான குழாயை மாத்திப் போட்டியா?"

எமில் அன்று சாப்பிட வரவில்லை.

வெர்னாவுக்கு மனம் ஆறவில்லை. புதுக் குழாய் ஒன்றை அளந்தாள், சுத்தம். வேறொருவரிடம் கொடுத்து வளைக்கச் சொன்னாள், முள் துள்ளியது. சூடாக்காமல் வளைத்தால் அந்த எவர்சில்வர் உள்ளுக்குள் மாறி, காந்தம் பிடிக்க ஆரம்பித்துவிடுகிறது. கைப்பிடிகளை உலையில் தகதகவெனக் காய்ச்சிச் சட்டென்று குளிர்வித்தார்கள், முள் அடங்கியது. நாற்பதும் தப்பின. மேற்பார்வையாளர் எமிலிடம் மன்னிப்புக் கேட்டார்.

வெர்னா அவன் இயந்திரத்தருகே போனாள். "உன் மேல தப்பே இல்ல எமில். யாரு வளைச்சாலும் அப்படித்தான் ஆகும்."

"சொன்னாங்க."

"அப்புறம் என்ன கோபம்?"

"பத்தடியில நிக்கிறேன். 'எமில், இங்க வந்து பாரு'ன்னு ஒரு வார்த்தை கூப்பிட உனக்கு வாய் வரலயே."

முப்பது வருடமாகச் சரியாக அளந்தவள். அவனைக் கூப்பிட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

ஏப்ரலில் எமில் மாலை நேர வேலைக்கு மாறிக்கொண்டான். அதன்பிறகு எதற்குச் சிவப்புச் சீட்டு கட்டுவதானாலும் வெர்னா முதலில் எழுந்துபோய், செய்தவரைக் கூப்பிட்டுக் காட்டினாள். வந்தார்கள், முள்ளைப் பார்த்தார்கள், தலையாட்டிவிட்டுப் போனார்கள். மதியம் ஏரிப் பக்கத்து ஜன்னலோரம் தனியாக உட்கார்ந்து, ரொட்டியை மெதுவாக மென்றுகொண்டிருந்தாள்.