என் வயலில் நட்ட பலகை

சுனாமி வந்து மூன்று வருஷம் கழித்து, சம்பா நடவு நேரத்தில், சிதம்பரத்தில் ஆராய்ச்சி படித்துக்கொண்டிருந்த ஒரு பெண் எங்கள் ஊருக்கு வந்தாள். உரக்கடைப் பக்கமே போகாமல் நெல் விளைவிக்க முடியுமா என்று பார்க்க அவளுக்கு அடுத்தடுத்து இரண்டு வயல் வேண்டும். ஒன்று என்னுடையது. மற்றது என் மனைவியின் தம்பியுடையது.

என் வயலில் 'கண்ட்ரோல்' என்று பலகை நட்டாள். மொத்த ஆராய்ச்சியும் என் கையில்தான் என்று நினைத்து டீக்கடையில் ஒரு வாரம் அளந்துவிட்டேன். பிறகு மச்சான்தான் சிரித்துக்கொண்டே சொன்னான்: "கண்ட்ரோல்னா சும்மா ஒத்துப் பாக்கறதுக்கு மாமா. நீங்க எப்பவும்போல யூரியா போடுங்க. ஆராய்ச்சியெல்லாம் நம்ம வயல்லதான்."

வயிறு எரிந்தது. சாணம், கோமியம், வெல்லம் ஊறிய கரைசலை அவன் டிரம்மில் கலக்குவான், அவள் படம் எடுப்பாள். வெளியூர்க்காரர்கள் வந்தால் அவன் வரப்பில்தான் நிற்பார்கள். மோர் குடிப்பதும் அவன் வீட்டில்தான். பயிரும் அவனுடையது கரும்பச்சையாக ஏறி வந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அவன் கடலூருக்குப் போகும் நாட்களில் டிரம்மிலிருந்து குடம் குடமாக மொண்டு என் வயலில் ஊற்றினேன். யூரியாவையும் விடவில்லை.

தை அறுப்பில் அவள் நிறுத்துப் பார்த்தாள். என் நெல்தான் கூட. மீசையை முறுக்கிக்கொண்டு திரும்பினால், அவள் முகம் செத்துப்போயிருந்தது.

"யூரியாதான் ஜாஸ்தின்னு எழுதணும் ஐயா. இத வெச்சிதான் மத்த ஊர்லயும் மாறச் சொல்லலாம்னு இருந்தேன்."

மச்சான் குனிந்து சாக்கின் வாயைக் கட்டினான். அவன் தோற்க வேண்டும் என்றுதானே அத்தனையும் செய்தேன்? இருந்தும் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

"நானும் ஊத்துனேம்மா. அவன் டிரம்முலேர்ந்து."

"எனக்குத் தெரியும்" என்றான் மச்சான். "கொறையக் கொறைய ரொப்பி வெச்சேன். அக்கா வூட்டுக்காரர எப்பிடிக் காட்டிக்குடுக்கறது?"

அந்த நல்ல பெயரும் அவனுக்கே.

அவள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஒரு வருஷம் போச்சு ஐயா" என்று நோட்டில் இரண்டு வயலையும் குறுக்கே கோடு போட்டு அடித்தாள்.

அடுத்த சம்பாவில் மச்சான் வயலை அப்படியே வைத்துக்கொண்டாள். பலகையை மட்டும் என் வயலிலிருந்து பிடுங்கி, அவனுக்கு அந்தப் பக்கம் இருந்த வயலில் நட்டாள். "இப்ப எல்லாம் நம்ம கண்ட்ரோல்தான்" என்று அந்த வயல்காரன் டீக்கடையில் அளந்துகொண்டிருந்தான். அதன் அர்த்தம் தெரிந்தும், எனக்கு அவன்மேல் பொறாமையாக இருந்தது.