தெருமுனைக் கேமராவும் நாத்தனாரும்

எங்கள் தெருவில் லாண்டரிக் கடை வைத்திருப்பவரை எல்லோரும் லாண்டரி அக்கா என்றுதான் கூப்பிடுவோம். கணவர் போன பிறகு, நீராவி இஸ்திரி மெஷினைத் தானே கற்றுக்கொண்டு கடையை நிமிர்த்தியவர். எதிர் வீட்டில் அவருடைய நாத்தனார், பள்ளி வேன் ஓட்டுகிறவர். இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. கடையின் முன்பக்கத்தை வேன் நிறுத்த விடும்படி நாத்தனார் ஒருமுறை கேட்டார். அக்கா மறுத்ததும், “எங்க அண்ணன் இருந்திருந்தா விட்டிருப்பாரு” என்று ஒரு வார்த்தை கூடச் சேர்த்துவிட்டார். அது போதாதா? அன்றோடு எதிரெதிர் வாசல்கள் இரண்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டன.

இந்த நிலையில் எங்கள் பகுதியை ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் சேர்த்தார்கள். தெருமுனையில் கம்பம் நட்டு, தெருவுக்குள் பார்க்கிற மாதிரி கேமரா வைப்பதாக நோட்டீஸ் ஒட்டினார்கள். லாண்டரி அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் துணி பிரிப்பது வாசலில். சாயங்காலம் பெண்கள் நாற்காலி போட்டு உட்காருவதும் அங்கேதான்.

“நாங்க வாசல்ல உக்காந்து கதை பேசுறதை எவனோ ஒருத்தன் ஏசி ரூம்ல டீ குடிச்சிக்கிட்டே பாக்கணுமாண்ணே?” என்று என்னிடம் கேட்டார். நான் பக்கத்து மருந்துக்கடைக்காரன். மக்களிடம் கருத்துக் கேட்க ஒரு கூட்டம் நடத்துவதாகவும் நோட்டீஸில் இருந்தது. அவரே கூட்டத்துக்குக் கிளம்பினார். துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டார்.

பள்ளிக்கூடத்தின் சாப்பாட்டு அறையில் கூட்டம். தெருவுக்கு ஒரு மேஜை, மேஜைமேல் அந்தத் தெருவின் பெரிய வரைபடம். விளக்கு, கேமரா, பெஞ்சு என்று எழுதிய மரக்கட்டைகள் கிடந்தன. வேண்டிய இடத்தில் வைத்து, ஏன் என்று சொல்ல வேண்டும். எங்கள் மேஜையில் ஏற்கெனவே ஒருவர் உட்கார்ந்திருந்தார். நாத்தனார். கேமராக் கட்டை அவர் கையில்.

நடுவில் நான் உட்கார்ந்தேன்.

“அண்ணே, அந்தக் கட்டையைக் கீழ வைக்கச் சொல்லுங்க. எங்க தெருவுக்குக் கேமரா வேண்டாம்.”

“அண்ணே, வேணும்னு சொல்லுங்க. தண்ணித் தொட்டி வளைவுல நிறுத்துற வேனோட பேட்டரியை ரெண்டு தடவை கழட்டிக்கிட்டுப் போயிட்டானுங்க.”

“அதுக்கு எங்க வாசலைப் படம் புடிக்கணுமான்னு கேளுங்க.”

இருவருக்கும் தலையைத் திருப்பித் திருப்பி எனக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. திட்ட அலுவலகத்திலிருந்து வந்த பெண் பக்கத்தில் நின்று, குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு நாத்தனாரிடம், “இப்ப வண்டியை எப்படிங்க பாத்துக்கிறீங்க?” என்றார்.

நாத்தனார் கட்டையை உருட்டினார். “வண்டியிலேயே படுத்துக்கிறேன்.”

லாண்டரி அக்கா திரும்பினார். “எப்பலேருந்து?”

என் வழியாக வராத முதல் கேள்வி அது.

“மழை ஆரம்பிச்சதுலேருந்து அண்ணி. காலைல வண்டி கிளம்பலைன்னா பிள்ளைங்க நனைஞ்சுக்கிட்டு நிக்குது.”

“பொம்பளை தனியா ரோட்டுல படுக்குறே. ஒரு வார்த்தை சொல்ல மாட்டியா?”

“சொல்ற மாதிரியா இருந்தோம்?”

அக்கா நாத்தனார் கையிலிருந்த கேமராக் கட்டையை வாங்கி, தெருவுக்குள் பார்க்காதபடி, தண்ணீர்த் தொட்டி வளைவில் வேன் நிற்கிற இடத்தைப் பார்த்து வைத்தார். “இப்படி வைக்க முடியுமாம்மா?”

“முடியுங்க. ஆனா வளைவுல இருக்குற வீட்டுக்காரங்க ஒத்துக்கணும்” என்றார் அந்தப் பெண்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அண்ணியும் நாத்தனாரும் சேர்ந்து வீடு வீடாக ஏறியதை மொத்தத் தெருவும் ஜன்னல் வழியே பார்த்தது. கேமரா இன்னும் வரவில்லையே தவிர, கண்காணிப்புக்குக் குறைவில்லை. எல்லோரும் சரி என்றார்கள். வாட்ச் ரிப்பேர்காரர் மட்டும் மசியவில்லை. அவருடைய படுக்கையறை ஜன்னல் அந்தப் பக்கம்தான்.

“உங்க வாசலுக்கு வேண்டாம்னு எங்க ஜன்னலுக்குத் தள்ளி விடுறீங்களா?” என்றார்.

அக்காவுக்குச் சுருக்கென்றது. அவர் சொன்னதில் என்ன தப்பு? திரும்பிப் போய் அலுவலகத்தில் அதையே கேட்டார். சில நாள் கழித்து அந்தப் பெண் ஒரு சோதனைக் கேமராவோடு வந்தார். ஜன்னல் இருக்கிற பகுதியைக் கறுப்பாக மறைத்துவிட முடியும் என்று தன் டேப்லெட்டில் காட்டினார். வாட்ச் ரிப்பேர்காரர் தன் மனைவியை ஜன்னலில் நின்று கையாட்டச் சொல்லி, திரையை உற்றுப் பார்த்தார். கை தெரியவில்லை. “அப்ப சரி” என்றார்.

அக்கா அதோடு விடவில்லை. படத்தை யார் பார்ப்பார்கள், எப்போது அழிப்பார்கள் என்பதைக் கம்பத்திலேயே பலகையாக மாட்டச் சொன்னார். கேமராவோடு பலகையையும் மாட்டினார்கள். கேட்டதெல்லாம் கிடைத்துவிடவில்லை. தெருவுக்குள் பெஞ்சு கேட்டோம், அகலம் போதாது என்று தட்டிக்கழித்துவிட்டார்கள். ஆனால் வளைவில் ஆள் நடந்தால் பளிச்சென்று எரிகிற விளக்கு வந்தது. நாத்தனார் இப்போது வீட்டில்தான் தூங்குகிறார்.

லாண்டரி அக்காவைப் பகுதிக் குழுவில் சேர்த்திருக்கிறார்கள். வரும் வெள்ளிக்கிழமை பேருந்து நிறுத்தங்களைப் பற்றிப் பேசப்போகிறார்கள். தெருவில் பாதிப்பேராவது வந்தாக வேண்டும் என்று அவர் பிடிவாதம். துணி வாங்க வருகிறவர்களிடம் சட்டையை மடித்துக் கொடுத்துக்கொண்டே, “வெள்ளிக்கிழமை கூட்டத்துக்கு வேன் நம்ம கடை வாசல்லேருந்துதான் கிளம்புது, ஏறிக்கோங்க” என்கிறார். என்னையும் கடையைச் சீக்கிரம் சாத்தச் சொல்லியிருக்கிறார்.