பெருமாளின் கண்ணைத் திறக்க மறுத்தேன்

போன புரட்டாசியில் என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் கண்மூடிக் கிடந்தார். செனாவாங் தொழிற்பேட்டையில் நைட் ஷிப்ட் முடிந்து மோட்டார் சைக்கிளில் வந்தவரை ஒரு லோரி இடித்துவிட்டது. தலையில் அடி. நினைவு எப்போது திரும்பும் என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். பெருமாளை நம்புகிற உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது? எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது.

கோபம் எங்கள் வீட்டு ஹாலில் இருந்த பெருமாள்மேல். நான் தஞ்சாவூர் ஓவியம் வரைகிறவள். கெமாஸ் பக்கம் எங்கள் பழைய ரப்பர் தோட்டத்துக் கோயிலுக்காகக் கஜேந்திர மோட்சம் வரைந்துகொண்டிருந்தேன். முதலை யானையின் காலைக் கவ்வி இழுக்க, கருடன்மேல் பெருமாள் வருகிற படம். கல் பதித்து, தங்க ரேக்கு ஒட்டி, வண்ணமும் தீட்டியாகிவிட்டது. பெருமாளின் கண் மட்டும் பாக்கி. குளித்து விளக்கேற்றிக் கண்ணைக் கடைசியில்தான் எழுதித் திறப்போம். புரட்டாசி முதல் சனிக்கிழமை திறப்பதாக இருந்தேன். வெள்ளிக்கிழமை காலை விபத்து.

என் நாத்தனார் பயந்துபோனாள்.

"கண்ணில்லாத சாமிய வீட்ல வச்சிருந்தா எப்படிலா அண்ணி? ஒண்ணு தொறந்து விடுங்க, இல்ல கோயில்ல குடுத்துருங்க."

நான் இரண்டும் செய்யவில்லை. படத்துக்கு முன்னால் போய் நின்றேன்.

"நீ மொதல்ல அவரு கண்ணத் தொற. அப்புறந்தான் ஒன் கண்ண நான் தொறப்பேன்."

பெருமாளிடமே வீம்பு. புரட்டாசிச் சனிக்கிழமைகள் ஒவ்வொன்றாகப் போயின. அவர் அசையவில்லை. ஆஸ்பத்திரியில் அவர் காலைத் தேய்த்துவிட்டு வந்து பெருமாளை முறைப்பேன்.

கடைசிச் சனிக்கிழமை மத்தியானம் படத்தின் முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நான் வரைந்த யானைதான் கண்ணில் பட்டது. இழுத்து இழுத்துப் பார்த்து, இனி முடியாது என்றானபின் தும்பிக்கையில் ஒரு தாமரையைத் தூக்கிக் காட்டுகிறது. முதலில் என் காலை விடுவி, பிறகு பூவைத் தருகிறேன் என்று அது சொல்லவில்லை. எனக்கும் அதற்குமேல் இழுக்கத் தெம்பில்லை.

குளித்தேன். விளக்கேற்றினேன். கை நடுங்க நடுங்க இரண்டு கண்ணையும் எழுதினேன். அவர் பிழைத்தாலும் பிழைக்காவிட்டாலும் நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றேன். அப்போதுதான் வாய்விட்டு அழுதேன்.

மறுநாள் காலை வார்டு வாசலிலேயே நர்ஸ் மிஸ்ஸி என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். என் வீட்டுக்காரர் கண் திறந்திருந்தது. ஆனால் நான் யாரென்று அவருக்குத் தெரியவில்லை. அந்தப் பார்வையைத் தாங்குவது இன்னும் பெரிய கஷ்டமாக இருந்தது. சில நாள் கழித்து, சோப்புப் போட்டும் போகாமல் என் நகத்தில் ஒட்டியிருந்த கருப்பு வண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வாய் குழறியது.

"பெருமாளுக்குக் கண்ணத் தொறந்திட்டியா?"

அவருடைய வலது கை இன்னும் சரியாக வரவில்லை. பயமும் முழுசாகப் போகவில்லை. ஆனாலும் இப்போது நான் பேரம் பேசுவதில்லை. கஷ்டத்தில் இருக்கிறவர்களே, கோபம் இருந்தால் கோபத்தோடேயே அவன்முன் போய் நில்லுங்கள். கையில் இருக்கிற பூவை மட்டும் பிடித்து வைத்துக்கொள்ளாதீர்கள்.

படம் இப்போது தோட்டத்துக் கோயிலில் இருக்கிறது. கை நடுங்கியதில் பெருமாளின் இடது கண் கொஞ்சம் கோணலாகிவிட்டது. திருத்தித் தரச் சொன்னார்கள். நான் மாட்டேன் என்றுவிட்டேன். அந்தக் கண்தான் எங்களைப் பார்த்தது.