நீலாம்பரியில் ஒரு போர்ப்பாட்டு

மன்னார்குடிக்குத் தெற்கே எங்கள் ஊர். லுத்தரன் சபையில் ஞாயிறுதோறும் நாங்கள் பாடிய கீர்த்தனைகளில் பாதி, உபதேசியாராக இருந்த என் பெரியப்பா இயற்றியவை. கிழக்கு எல்லையில் போர் மூண்ட கார்த்திகையில் அவர் படுத்த படுக்கையாக இருந்தார். விரல்கள் ஆர்மோனியக் கட்டைகளில் நிற்காது. ஆனாலும் தினம் ஒரு பாட்டு பிறந்தது. கண்ணை மூடிக்கொண்டு அவர் சொல்வார். பத்து வயதுக்காரி நான் நோட்டில் எழுதிக்கொண்டு பாடிக் காட்டுவேன். அவருடைய ஒரே மகன், என் அண்ணன், பட்டாளத்தில் இருந்தான். கடிதம் வந்து ஒரு மாதத்துக்கு மேலாகியிருந்தது.

ஊருக்குள்ளும் ஒரு போர் நடந்துகொண்டிருந்தது. கூலியை உயர்த்தச் சொல்லி எங்கள் தெருப் பெண்கள் களையெடுக்க இறங்கவில்லை. மிராசுதார் வெளியூர் ஆட்களை இறக்கினார். பின்னாலேயே போலீஸ் லாரி வந்தது.

அந்தச் சமயத்தில்தான் தலைமையாசிரியர் வந்து கேட்டார்.

"பட்டாளத்துக்கு ஆதரவா பள்ளிக்கூடத்துல கூட்டம் போடுறோங்க. கேட்டா ரத்தம் கொதிக்கிறாப்புல ஒரு பாட்டு வேணும்."

பெரியப்பா சரியென்று தலையாட்டினார்.

மறுநாள் காலை அவர் முனகத் தொடங்கியது நீலாம்பரி ராகம். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"பெரியப்பா, இது தாலாட்டுல்ல?"

"ஆமாம்மா. எழுதிக்க."

களத்தில் விழுந்தவன் யார் பெற்ற பிள்ளையானாலும் உறங்கட்டும் என்று போயிற்று பல்லவி. சரணத்தில் எதிரியின் தாயும் வந்தாள். அங்கே மெட்டில் ஒரு வளைவு, ஒரு சங்கதி, அவருக்குப் பிடிபடவில்லை. ஏழெட்டு முறை மாற்றிப் பார்த்தார். மூச்சு வாங்கியது. பிறகு, வறண்ட வாய்க்காலில் ஆடித் தண்ணீர் நுழைகிற மாதிரி, அந்தச் சங்கதி தானாக வந்து நிறைந்தது. எலும்பும் தோலுமாய்க் கிடந்த அந்த உடம்புக்குள் இது எங்கே இருந்தது என்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கூட்டத்தில் அடுக்குமொழிப் பேச்சுகளுக்குக் கைதட்டல் பறந்தது. நாற்காலியில் மிராசுதார் வீட்டார். அவர்கள் மகனும் பட்டாளத்தில்தான். வேலிக்கு வெளியே எங்கள் தெருப் பெண்கள், அவர்களோடு என் பெரியம்மா. நான் பாடினேன். அந்தச் சங்கதி வந்தபோது மிராசுதார் மனைவி எழுந்து வேலியருகே போய், பெரியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். பெரியம்மாவும் உதறவில்லை. பாட்டு முடிந்தது. யாரும் கைதட்டவில்லை. தலைமையாசிரியர் மைக்கைப் பிடித்தபடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாளே வயலில் பழையபடி சண்டை. மாசியில் அண்ணன் ஒரு காலைத் தாங்கித் தாங்கி வந்து சேர்ந்தான். மிராசுதார் மகன் வரவேயில்லை. பெரியப்பா இதில் எதையும் பார்க்கவில்லை. பொங்கலுக்கு முன்பே அவர் கண் மூடிவிட்டார்.

கூட்டம் முடிந்த அன்று அழுதுகொண்டே வீட்டுக்கு ஓடினேன்.

"கை தட்டுனாங்களாம்மா?"

"இல்ல பெரியப்பா. ஒருத்தர்கூடத் தட்டல."

"நெசமாவா? ஒருத்தருமா?"

அவர் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததே இல்லை. ஊர் முன்னால் நான் தோற்றுப்போனதில் இவருக்கு என்ன சந்தோஷம் என்று கோபம் கோபமாக வந்தது. அன்று முழுக்க அவரோடு நான் பேசவே இல்லை.